சுவருக்கு மேலே ஒரு படகு

டெல்லி ஆர்.கே.புரம், கீழ்வீடு
14.10.2024

மேல்வீட்டுத் திருமதி செங்கம்மாள் அவர்களுக்கு,

கீழ்வீட்டுப் பூவராகவன் எழுதுவது. இத்தனை வருஷமாக என் தலைக்கு மேலே குடியிருப்பவருக்குக் கடிதம் எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் நம் பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறீர்கள். ஆகவே எழுத்து மூலம் தெரிவிக்கிறேன். காலமெல்லாம் ஃபைலோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. ராஜி கொண்டுவந்து தருவாள். என் மனைவியிடம் உங்களுக்குச் சண்டை கிடையாது என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆகஸ்டில் ரிட்டயர் ஆனது உங்களுக்குத் தெரியும். பிப்ரவரி கடைசிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் வாங்கியிருக்கும் சின்ன வீட்டுக்குப் போகிறோம். அங்கே கூப்பிடு தூரத்தில் வெள்ளாறு கடலில் சேர்கிறது. அதில் விடுவதற்காகப் பின்முற்றத்தில் ஒரு பாய்மரப் படகு கட்டத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு பேர் உட்காரும் அளவு. சர்வீஸ் முழுக்க நதிகளைப் பற்றி நோட் எழுதினேன். ஒரு நதியிலும் முழங்கால் அளவுகூட இறங்கியதில்லை. கிழவனுக்கு இந்த ஒரு ஆசை வந்தால் தப்பா?

மரம் அறுக்கும் மெஷினை ஆயுத பூஜையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்துப் பகல் பதினொரு மணிக்கு முதல் பலகையை வெட்டினேன். நீங்கள் பால்கனியில் வந்து நின்று, காலனி முழுக்கக் கேட்கும்படி, "யோவ், உனக்கு அறிவிருக்கா?" என்று கத்தினீர்கள். வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிட்டவர்! பதிலுக்கு நானும் ஏதோ சொன்னேன். அதை எழுத்தில் வைக்க விரும்பவில்லை.

குழுவில் என்னை மறுபடி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூவராகவன்


மேல்வீடு
15.10.2024

பூவராகவன் சாருக்கு,

நீங்கள் எழுத்தில் வைக்க விரும்பாததை நான் வைக்கிறேன். "பகல்ல தூங்குறது ஆந்தைதான்" என்று சொன்னீர்கள். அதுவும் நாலு பேர் கேட்கும்படி. எதிர் பிளாக் சர்மா வீட்டு அம்மா, "க்யா ஹுவா சிஸ்டர்?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிப்போனது.

நான் ராத்திரி டியூட்டி பார்ப்பது உங்களுக்கு நேற்றுதான் தெரியுமா? பிறந்த குழந்தைகள் வார்டு. அன்றைக்கு மூன்று குறைமாதக் குழந்தைகளை வைத்துக்கொண்டு விடிய விடிய நின்றுவிட்டு வந்தேன். படுத்துக் கண்ணை மூடுகிறேன், கட்டிலுக்கு அடியில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கத்தாமல் என்ன செய்ய? தாலாட்டா பாடுவேன்? போதாததற்கு, காயப்போட்ட யூனிஃபார்ம் முழுக்க மரத்தூள்.

கிழவன், ஆசை என்றெல்லாம் எழுதி என்னை அழவைக்கப் பார்க்க வேண்டாம். படகு கட்டுங்கள், கப்பல் கட்டுங்கள், அது உங்கள் பாடு. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் மெஷின் ஓட வேண்டும். அதற்குள் நான் எழுந்துவிடுவேன். அறுக்கும்போது மேலே ஒரு சேலையைக் கட்டித் தூளை மறையுங்கள். இதற்குச் சம்மதம் என்றால் குழுவில் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

செங்கம்மாள்

ராஜி மதினி கொண்டுவந்த சுண்டல் நன்றாக இருந்தது. அதை உங்களிடம் சொல்லவில்லை, அவர்களிடம் சொல்லச் சொல்கிறேன்.


கீழ்வீடு
24.11.2024

செங்கம்மாள் சிஸ்டருக்கு,

நாலு மணி ஏற்பாட்டை நான் மீறவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். புகைமூட்டம் மோசமானதிலிருந்து தேய்ப்பு வேலையையும் நிறுத்திவைத்திருக்கிறேன். இருக்கிற காற்றில் என் பங்குக்குத் தூள் வேறு வேண்டாம்.

படகு எப்படி உருவாகிறது என்று ராஜியிடம் கேட்டீர்களாம். நேராக என்னையே கேட்டிருக்கலாம். பரவாயில்லை, சொல்கிறேன். கீர்த்தி நகரில் வாங்கிய மெல்லிய மரைன் பிளைவுட்டை வரைபடம் பார்த்து நீள நீளத் துண்டுகளாக வெட்டுகிறோம். விளிம்பெல்லாம் சின்ன ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்கிறோம். ஆமாம், தையல்தான். தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் கம்பியை முறுக்க முறுக்கத் தாமாகவே வளைந்து எழுந்து படகாகிவிட்டன. ராஜி அன்றைக்குக் கையில் கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். "நெஜமாவே படகுதாங்க" என்றாள். அதுவரை அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

இனி மூட்டுகளில் எபாக்ஸி பசை பூசி, அது இறுகியதும் கம்பிகளை உருவிவிட வேண்டும். அதோடு உடல் முடிந்தது. பாய்மரமும் பாயும் ஊருக்குப் போய்த்தான்.

எப்படி வெளியே கொண்டுபோவீர்கள் என்று நீங்கள் சிரித்ததாகவும் கேள்வி. அதைத்தான் நான் முதலில் யோசித்தேன். வீட்டுக்குள் வழியாகப் போகாது, நடை திரும்புகிறது. ஆனால் நம் பின்சுவர் மரம் விழுந்து இடிந்து கிடக்கிறதே, அந்த இடைவெளி படகின் அகலத்தைவிட நாலு விரல் அதிகம். அளந்துவிட்டுத்தான் வரைபடத்தையே தேர்ந்தெடுத்தேன். அந்தச் சுவருக்காக, குவார்ட்டர்ஸ் ரிப்பேர் பார்க்கிற என்கொயரி ஆபீசுக்கு எத்தனை நினைவூட்டல் அனுப்பியிருப்பேன்! ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான்.

பூவராகவன்


கீழ்வீடு
19.12.2024

திருமதி செங்கம்மாள் அவர்களுக்கு,

உங்கள் மனம் இப்போது குளிர்ந்திருக்கும்.

நானும் ராஜியும் பரங்கிப்பேட்டை வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்கப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினோம். பின்கதவைத் திறந்தால் புதுச் சுவர். ஆள் உயரத்துக்கு மேலே, தலையில் முள்கம்பியோடு. இரண்டு மழைக்காலம் இடிந்து கிடந்தது, நாங்கள் ஊரில் இல்லாத ஒரே வாரத்தில் எழும்பிவிட்டது. நான் இல்லாத நேரம் பார்த்து இதைச் செய்யக்கூடியவர் இந்த பிளாக்கில் யார் என்று எனக்குத் தெரியும்.

படகு உள்ளே சிறைப்பட்டுவிட்டது. சத்தம் பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம். அதுதான் நாலு மணி என்று ஒத்துக்கொண்டேனே. இப்படிக் கழுத்தறுப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

பூவராகவன்


மேல்வீடு
20.12.2024

சார்,

நான் புகார் செய்யவில்லை.

கொத்தனார்கள் வந்தபோது பால்கனியில் நின்று நானே கேட்டேன். "பையா, இது யாரு சொல்லி?" என்றால், "கம்ப்ளெயின்ட் ஆயா ஹை, சிஸ்டர்" என்கிறார்கள். கம்ப்ளெயின்ட் இருக்கிறது என்றால் நான் என்ன செய்ய முடியும்? ராஜி மதினிக்கு இரண்டு தடவை போன் போட்டேன். ரயிலில் சிக்னல் இல்லை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குக் கோபம் வந்தால் முகத்துக்கு நேரே கத்துவேன். காலனியே கேட்கக் கத்துவேன். முதுகுக்குப் பின்னால் எழுதிப்போடுகிற பழக்கம் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கிடையாது. ஆந்தை என்றதைப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை. நேற்று டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில் அழுதுகொண்டே போனேன். உங்களுக்காக அழுதேன் என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

இனி கடிதம் வேண்டாம்.

செங்கம்மாள்


கீழ்வீடு
27.12.2024

தங்கச்சி செங்கம்மாளுக்கு,

வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி. ஆனால் ராஜி, "அவ படிக்கிற வரைக்கும் நான் அங்கேயே உக்காந்திருப்பேன்" என்று சபதம் செய்திருக்கிறாள்.

நேற்று என்கொயரி ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். யார் புகார் கொடுத்தது, யார் உத்தரவு போட்டது என்று மேஜையைத் தட்டினேன். அங்கே இருந்த மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப், ஆப் ஹீ கா தோ ஹை" என்றார். உங்களுடையதுதானே சார் என்கிறார்! ஆகஸ்டில், ஆபீசில் என் கடைசி நாளன்று, மாலை போடுவதற்கு முன்னால் மேஜையில் வேலை ஒன்றும் இல்லாமல் கை நமநமத்தது. பழக்கதோஷத்தில் பின்சுவருக்கு இன்னொரு நினைவூட்டல் தட்டிவிட்டேன். 'கடைசியாகவும் உறுதியாகவும்' என்று தலைப்பு வேறு. இத்தனை வருஷத்தில் நான் எழுதி நடவடிக்கை எடுக்கப்பட்ட கடிதம் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

உன்மேல் பழி போட்டேன். உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கக் கூசுகிறது. நாலு படி ஏறுவதும் திரும்பி இறங்குவதுமாக இருக்கிறேன். மன்னித்துவிடு, தங்கச்சி.

சுவரில் ஒரு கதவு வைத்துத் தரும்படி அங்கேயே உட்கார்ந்து புது விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது எந்த ஜென்மத்தில் நடக்குமோ. இடிக்கலாம் என்கிறான் வாட்ச்மேன். சர்க்கார் சுவரை நான் எப்படி இடிப்பேன்? சாவியை ஒப்படைக்கும்போது எந்த முகத்தோடு நிற்பேன்?

போதாததற்குப் பசையும் இறுகவில்லை. இந்தக் குளிரில் பூசிய இடமெல்லாம் கொழகொழவென்று அப்படியே நிற்கிறது. கதகதப்பாக இருக்கட்டுமே என்று ரஜாயை எடுத்துப் போர்த்தினேன். ரஜாய் பசையில் ஒட்டிக்கொண்டது. ராஜி மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உன்னிடம்தான் பேசுகிறாள்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பொங்கலுக்கு முன்னால் படகைக் குறுக்கே அறுத்து இரண்டாக்கிக் கதவு வழியாக வெளியே போட்டுவிடலாம். நாலு மணிக்கு மேல்தான் அறுப்பேன். பயப்படாதே.

பூவராகவன்


மேல்வீடு
28.12.2024

அண்ணாச்சிக்கு,

ராஜி மதினி எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். படித்து முடித்துவிட்டு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் சிந்து உள்ளிருந்து ஓடிவந்து, "அம்மா, க்யா ஹோ கயா?" என்கிறாள். என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. 'கடைசியாகவும் உறுதியாகவும்' என்பதை அவளுக்குப் புரியவைப்பதற்குள் மறுபடியும் சிரிப்பு. எனக்குக் கோபம் போய்விட்டது. போகக் கூடாது என்று கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் பார்த்தேன். முடியவில்லை.

முதலில் அந்த ரம்பத்தைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். அறுப்பதாவது! அந்தச் சத்தத்தை இத்தனை நாள் காதில் வாங்கியவள் நான். பாதிப் படகுக்காகவா தூக்கத்தைத் தொலைத்தேன்?

பசைக்கு வழி சொல்கிறேன். எடை குறைவாகப் பிறந்த பிள்ளையைக் கம்பளி போட்டு அமுக்க மாட்டோம். சுற்றிக் கூடாரம் மாதிரி மறைத்து, எட்டத்தில் சூடு வைத்து, பக்கத்திலேயே தெர்மாமீட்டரைப் போட்டு, எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டே இருப்போம். அதையேதான் உங்கள் பிள்ளைக்கும் செய்ய வேண்டும். படகுக்கு மேலே மூங்கில் நட்டுத் தார்ப்பாயைப் போடுங்கள். படகில் படவே கூடாது. உள்ளே பழைய மஞ்சள் பல்புகளைத் தொங்கவிடுங்கள், துணிக்குப் பக்கத்தில் வேண்டாம். சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது, மதினியிடம் கொடுத்துவிடுகிறேன். நடுவில் அவசரப்பட்டுத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. எல்லா அப்பன்மாரும் இதைத்தான் செய்வீர்கள்.

அடுத்தது சுவர். முற்றத்தில் படகைத் தவிர ஆள் நிற்க இடமில்லை, அதனால் கீழே நின்று தூக்க முடியாது. ஆனால் நேர் மேலே என் பால்கனி இருக்கிறதே. அங்கிருந்து கயிறு கட்டி இழுத்தால் படகு மேலே வரும், சுவரைத் தாண்டிப் பின்சந்தில் இறக்கலாம். பால்கனியில் குரங்குக்காகப் போட்ட கிரில்தான் இடைஞ்சல். கழற்றிவிடுகிறேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற நம் செக்டர் ஆட்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். தோள் வலி இல்லாத ஆட்கள் டெல்லியில் அவர்கள்தான்.

படியில் பாதி வரை ஏறி நிற்க வேண்டாம். மேலேயே வாருங்கள், காப்பி போடுகிறேன். குழுவிலும் சேர்த்துவிட்டேன்.

செங்கம்மாள்


கீழ்வீடு
2.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இறுகிவிட்டது! காலையில் தட்டிப் பார்த்தேன், மேஜையைத் தட்டுகிற மாதிரி 'டக்டக்' என்கிறது. கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினேன். கடைசிக் கம்பியை உருவும்போது படகு படாரென்று விரிந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை, அப்படியே நின்றது. மேலே வந்து சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன், நீ தூங்குகிற நேரம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, எழுதிவிட்டேன்.

தைப்பூசம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை தூக்கலாம் என்கிறார்கள். நான் இப்போதே கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பூவராகவன்


பரங்கிப்பேட்டை
15.3.2025

அன்புத் தங்கச்சி செங்கம்மாளுக்கு,

போனில் ராஜி எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். ஆனாலும் நான் எழுதினால்தான் எனக்கு நிம்மதி.

உன்னிடம் ஒன்றை மறைத்திருந்தேன். அன்றைக்குப் படகு பாதி உயரம் வந்ததும் ஊசலாடிச் சுவர் விளிம்பில் 'டொப்'பென்று இடித்ததே, அப்போது எனக்கு மட்டும் மரம் முறிகிற சத்தம் கேட்டது. ஆட்கள் 'அரோகரா' போடுவதை நிறுத்திவிட்டார்கள். எதிர் பிளாக்கில் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்கூட அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். அப்போது நீ பால்கனியிலிருந்து, "எவனாவது கைய விட்டீங்கன்னா கொன்னுபோடுவேன்! இழு!" என்று ஒரு கத்துக் கத்தினாய் பார். விஜயதசமியன்று கேட்ட அதே தொண்டைதான். இந்தத் தடவை எனக்கு அது கச்சேரி மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் படகு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஆனால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே லாரியில் ஏற்றி, உள்ளே பாத்திரம் பண்டம், அந்தப் பாழாய்ப்போன ரஜாய் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தோம். இங்கே வந்தும் பல நாள் வாசலில் அப்படியே கிடந்தது. ஓட்டை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? இவ்வளவு பேரைப் பாடுபடுத்தியாயிற்று. உன் தூக்கம், உன் கிரில், அவர்கள் தோள். கடைசியில் ராஜிதான் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டுப் புரட்டிப் போட்டாள். "வந்து பாருங்க" என்றாள். போகவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெயின்ட்டில் ஒரு கீறல். அவ்வளவுதான். முறிந்தது சுவர்மேல் முள்கம்பியைத் தாங்கிய ஆங்கிள் போலிருக்கிறது. சர்க்கார் சொத்து. அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மாசி மகத்துக்கு எங்கள் ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அவர் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, மறுநாள் காலை வெள்ளாற்றில் இறக்கினோம். விளிம்பைப் பிடித்துக்கொண்ட மூக்கன் என்ற மீன்காரர், "எங்கேர்ந்து சார் வாங்குனீங்க?" என்றார். டெல்லியில் கட்டிக் கொண்டுவந்தேன் என்றேன். "ஏன் சார், இங்க படகு கிடைக்காதுன்னா?" என்று கேட்டார்.

ஏற மாட்டேன், ஏற மாட்டேன் என்று மாதக்கணக்காகச் சொன்ன ராஜி, புடவையைச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "நீங்க மட்டும் முழுகிட்டா எனக்கு யாரு காலைல காப்பி போடுறது?" என்றாள். துடுப்புப் போட்டுக் கொஞ்ச தூரம் போனோம். நான் தண்ணீரையும் பார்க்கவில்லை, வானத்தையும் பார்க்கவில்லை. குனிந்து அடிப்பலகையைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். எல்லா மூட்டையும் தடவினேன். காய்ந்து கிடந்தது, தங்கச்சி. ஒரு சொட்டு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம், வந்தது.

பாய் இன்னும் தைக்கவில்லை. மே மாதம் லீவு போட்டுக்கொண்டு சிந்துவோடு வா. வீட்டுச் சாவியை ஒப்படைத்த அன்று நீ டியூட்டியில் இருந்தாய், சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உன் அண்ணாச்சி,
பூவராகவன்


ஆர்.கே.புரம், மேல்வீடு
6.4.2025

அன்புள்ள அண்ணாச்சிக்கும் மதினிக்கும்,

கடிதம் வந்தது. ஒரு சொட்டு இல்லை என்ற இடத்தைச் சிந்துவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். எனக்கும் அந்த முறிகிற சத்தம் கேட்டது. மரம்தான் முறிந்தது என்று நானும் நினைத்தேன். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கு மூச்சே சீராக வந்தது. டியூட்டியில் கூட வேலை பார்க்கிற சிஸ்டர், "என்ன இன்னிக்கு ஒரே சிரிப்பு?" என்றாள். பிள்ளை பிழைச்சுக்கிச்சு என்றேன். எந்தப் பிள்ளை என்று அவளுக்குப் புரியவில்லை.

கிரில்லை இன்னும் திரும்ப மாட்டவில்லை. குரங்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனது. போகட்டும். வெளிச்சம் நன்றாக வருகிறது.

இப்போது முக்கியமான சங்கதி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கீழ்வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. போன செவ்வாய்க்கிழமை, நான் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது கீழே கடமுடவென்று சத்தம். பகல் பதினொரு மணி. உங்கள் ஞாபகத்தில் தாவி எழுந்து பால்கனிக்கு ஓடி, "யோவ், உனக்கு அறிவிருக்கா?" என்று கத்திவிட்டேன். குனிந்து பார்த்தால் என்கொயரி ஆபீஸ் மேஸ்திரி. புதுச் சுவரை உடைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், பூவராகவன் சாப் டிசம்பரில் கொடுத்த விண்ணப்பமாம், கதவு வைக்க உத்தரவு வந்துவிட்டதாம்.

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன் அண்ணாச்சி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேஸ்திரி பயந்துபோய், "சிஸ்டர், டீக் ஹோ?" என்கிறார். வேலை திருப்தி என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். சாப் எங்கே என்று கேட்டார். சாப் கடலுக்குப் போயிருக்கிறார், நான் அவர் தங்கச்சி என்று சொல்லி நானே போட்டுக் கொடுத்தேன்.

மே மாதத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது, மிதவைச் சட்டை வாங்கி வையுங்கள். திரும்பும்போது நீங்களும் எங்களோடு இங்கே நாலு நாள் வந்து இருக்க வேண்டும். பச்சைப் பெயின்ட் அடித்து நல்ல இரும்புக் கதவாகத்தான் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அளந்து பார்த்தேன். படகு தாராளமாகப் போகும்.

உங்கள் தங்கச்சி,
செங்கம்மாள்